ஜரிகையில் ஓடிய கரண்டு

என் அண்ணா மைசூரில் எத்தனையோ வீடுகளுக்கு விளக்குப் போட்டவர். எங்கள் வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்குதான். ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள் இருந்த வரிசை வீடு அது. சுவரில் ஆணி அடித்தால் காரை உதிரும் என்று வீட்டுக்காரர் கம்பி இழுக்க விடவில்லை. தினமும் சாயங்காலம் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. துடைக்கும்போதெல்லாம் ஒருத்தியை நினைத்துக்கொள்வேன். அவள் வீட்டில் சுவரிலுள்ள ஒரு குமிழைத் தட்டினால் கூடம், தாழ்வாரம், மாடிப்படி எல்லாம் ஒரே சமயத்தில் வெளிச்சமாகும். அந்தக் குமிழை வைத்தது என் அண்ணாதான்.

அவள் என் வகுப்பில் படித்தவள். வீணை வாசிப்பாள் என்பதால் வீணைக்காரி என்போம். மேல்கோட்டைப் பூர்வீகம் உள்ள ஐயங்கார் வீட்டுப் பெண். தகப்பனார் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகஸ்தர். நாங்கள் கோயமுத்தூர் ஜில்லாக் கொள்ளேகாலத்திலிருந்து பிழைக்க வந்த குடியானவர்கள். பரீட்சையில் நான்தான் எப்போதும் முதல். அவள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவாள். ஆனால் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நான் நுழைந்தால் கணக்கு நோட்டைக் கேட்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அண்ணா வாய்மொழியாகப் பரீட்சை கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஒரு வீட்டில் கம்பி வேலை முடிந்ததும் மின்சார இலாகாவுக்கு ஒரு அச்சுத் தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். பத்து வயதிலிருந்து அதை நிரப்பியவள் நான். கம்பி மூடி போட்ட மரப்பட்டிக்குள் போகிறதா, எந்த இடத்திலாவது உலோகத்தைத் தொடுகிறதா, பியூஸ் கம்பி என்ன கனம் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். அண்ணா கைகால் அலம்பிக்கொண்டே பதில் சொல்வார். நான் எழுதுவேன். இலாகா ஆபீசில் அந்தத் தாள்களைப் பார்த்து, "யார் கையெழுத்து இது, அச்சு மாதிரி?" என்று கேட்டார்களாம். அதை நான் வகுப்பில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்களாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு வீணைக்காரியின் அம்மாவுக்குக் கொலுப்படிகளில் கலர் பல்புகள் வேண்டும் என்று ஆசை வந்தது. முதலில் அண்ணாவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் படிகளின் ஓரத்தில் மரப்பட்டி அடித்து அதற்குள்தான் கம்பி விடுவேன் என்றார். அந்த அம்மாள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு நாடகக் கொட்டகையில் விளக்குப் போடும் ஒருவர் வந்து அந்த வேலையைச் செய்தார் என்று கேள்விப்பட்டோம். அண்ணா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான்தான் மனசுக்குள் அந்தக் கொட்டகைக்காரரோடு ஒரு வாரம் சண்டை போட்டேன்.

ஆறாம் நாள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வெற்றிலைபாக்குக்குப் போனோம். வாசலில் நுழைந்ததுமே முன்னால் போனவர்கள் "அம்மாடி!" என்று நின்றுவிட்டார்கள்.

ஒன்பது படிகள். ஒவ்வொன்றின் மேலும் அந்த அம்மாளின் மைசூர்ப் பட்டுப் புடவைகள், அகல ஜரிகைக் கரை படியின் விளிம்பில் தொங்கும்படி விரித்திருந்தார்கள். கரை நெடுகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்ன பல்புகள். உச்சியில் பட்டத பொம்மைகள், ராஜாவும் ராணியுமான மர ஜோடி. இரண்டின் முகத்திலும் ரோஜா நிற வெளிச்சம். ஒரு கம்பி கூடக் கண்ணில் படவில்லை. பல்புகள் பட்டிலிருந்தே பூத்தது போல் இருந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"கம்பியே தெரியலை பாத்தேளா?" என்று மாமி, வீணைக்காரியின் அம்மா, எல்லோருக்கும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்கண்ணா மரப்பட்டி அடிக்கணும்னான். கூடத்துல ரயில் தண்டவாளம் போட்டாப்ல இருக்கும்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். இவர் எப்படிப் பண்ணியிருக்கார் பாரு. கலை தெரிஞ்சவர்!"

என் அண்ணா 'அவன்'. கொட்டகைக்காரர் 'இவர்'. நான் சிரித்துக்கொண்டு கீழ்ப்படியில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்ப்பது போலக் குனிந்தேன்.

குனிந்ததால்தான் தெரிந்தது. பட்டின் மடிப்புக்கு அடியில் நூல் சுற்றிய மெல்லிய முறுக்குக் கம்பி ஓடியது. வாசல் மணிக்குப் போடுகிற கம்பி; பாட்டரியில் அடிக்கும் மணிக்கு அது போதும், வீட்டுக் கரண்டைத் தாங்காது. அது நழுவாமல் இருக்க ஒரு சாணுக்கு ஒன்றாகச் சின்ன ஆணிகள் அடித்திருந்தார். ஆணிகள் கம்பியின் நடுவிலேயே இறங்கி, அதன் கீழிருந்த ஜரிகையையும் துளைத்துக்கொண்டு மரத்தில் பாய்ந்திருந்தன. நல்ல ஜரிகை என்பது வெள்ளியும் தங்க முலாமும். நூல் போலத் தெரிந்தாலும் உலோகம்தானே. 'உலோகத்தைத் தொடுகிறதா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எத்தனையோ முறை எழுதிய கை என்னுடையது.

அப்போதுதான் வேலைக்காரம்மாள் ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புறங்கை கரையில் பட்டது. "அய்யோ!" என்று கையை உதறி, ஏதோ கடித்துவிட்டது என்று கன்னடத்தில் கத்தினாள்.

"எறும்பா இருக்கும்டி," என்றார் மாமி. "வெல்லச் சுண்டல் சிந்தியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டு தொட்டவர்கள் எல்லோரும் 'கடித்தது' என்றுதான் சொல்வார்கள் என்று அண்ணா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

பயத்தால் அல்ல. சந்தோஷத்தால். அந்தப் படிகளைப் பார்த்து எரிந்த வயிறு சட்டென்று குளிர்ந்துவிட்டது. இத்தனை பேர் வாய் பிளந்து நிற்கும் இந்த அழகு ஓட்டை என்று இந்தக் கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நிலையை உடனே கலைத்துவிட மனசு வரவில்லை.

வெற்றிலைத் தட்டை நீட்டும்போது வீணைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரஸ்வதி பூஜையன்னிக்குச் சாயங்காலம் கட்டாயம் வாடி. ஹெட்மிஸ்ட்ரஸ் வரா. நான் இங்கேயே, படியை ஒட்டி உட்கார்ந்து வாசிக்கப் போறேன். வாசிச்சு முடிச்சதும் வீணையைக் கீழ்ப்படியில சாத்திப் பூஜை."

கழுவி இழைக்கோலம் போட்ட ஈரத் தரை. பித்தளை மெட்டுகளும் கம்பிகளும் உள்ள வீணை. மடியில் அதை வைத்துக்கொண்டு ஜரிகையை ஒட்டி உட்காரப் போகிறவள். அந்தச் சந்தோஷம் வீதிமுனை வரைக்கும்தான் கூட வந்தது.

மறுநாள் மத்தியானம் அண்ணா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

அவர் களியை உருட்டிய கை நின்றது. "மணிக்கம்பியா? பட்டுக்கு அடியிலயா?"

"ஜரிகைமேல ஆணி அடிச்சிருக்குதுங்க அண்ணா."

"அந்தாளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? கொட்டகையில பலகையில அடிக்கற மாதிரி அடிச்சிருக்கறான்."

"ஆபீசுல எழுதிக் கொடுத்துடலாங்களா? நானே எழுதறேன்."

"அது மட்டும் வேண்டாம் அம்மிணி. தொழில்காரனைத் தொழில்காரனே காட்டிக் கொடுத்தா நாளைக்கு ஒருத்தன் எனக்கு ஏணி புடிக்க மாட்டான். அடுத்தவன் வேலையில தப்பு இருந்தா, போனமா, சத்தமில்லாம சரி பண்ணுனமா, வந்தமான்னு இருக்கோணும்."

"அப்பப் போய்ச் சரி பண்ணுங்க."

"வேண்டாம்னு அனுப்புன வீட்டுக்குக் கூப்பிடாம எப்படிப் போறது? கொலு வெச்சுட்டா பத்தாம் நாள் வரைக்கும் படியைத் தொட உடமாட்டாங்க. கொலுவை எடுக்கறன்னிக்கு நானே போய்ச் சொல்றேன்."

"அவ ஒன்பதாம் நாள் வாசிக்கறா."

அவர் மறுபடி களியை உருட்டத் தொடங்கினார். அடுப்படியில் இருந்து அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, ஒரு வீட்டுல கெடுதல் இருக்குதுன்னு சொல்ற புள்ளை மூஞ்சி இப்படியா மினுங்கும்? அந்தப் புள்ளைமேல உனக்கு அத்தனை காந்தலா?"

"நான் நெசத்தைத்தான் சொல்றேன்."

"நெசந்தான் கண்ணு. உன்ற வாயில வர்றப்ப அது வேற மாதிரி கேக்குது."

எனக்குக் கோபம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எனக்கு யோசனை சொல்வதாவது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அன்றைக்கே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். மூன்று பக்கம். அதைவிட நல்ல இங்கிலீஷ் நான் அதுவரை எழுதியதில்லை. மறுநாள், எட்டாம் நாள், காலையில் தனியாக மின்சார இலாகா ஆபீசுக்குப் போனேன். தசரா விடுமுறை. உள்ளே ஒரே ஒரு குமாஸ்தா, கன்னடக்காரர், நாற்காலிமேல் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லா ஆளும் அரண்மனை விளக்கு வேலையில் இருக்கிறார்களம்மா," என்றார் கன்னடத்தில். "பத்து நாள் முடியாமல் இன்ஸ்பெக்டரைப் பார்க்க முடியாது."

"ஆபத்தான சமாசாரம். படித்தாவது பாருங்கள்."

படித்தார். கடலைத் தோலை ஊதிவிட்டு ஊதிவிட்டு மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாரம்மா இந்த ஆள்? உங்கள் வீட்டில் யாருக்காவது போட்டியா?"

எனக்குக் காது சுட்டது. "எப்படித் தெரிந்தது?"

"மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் அவனைத் திட்டியிருக்கிறாய். அகம்பாவம், அஞ்ஞானம், ஆடம்பரம்... இந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியவில்லை. பழுது எந்த இடத்தில் என்று தேடினால் கடைசியில் மூன்றே வரி. இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்." காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கிறது."

வெகு நாள் காத்திருந்த புகழ்ச்சி அது. அதை வாங்கிக்கொள்ள முடியாமல் வெளியே வந்தேன்.

ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டிலும் பூஜை. சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒன்றாகத்தான் செய்வோம். பலகையின் ஒரு பக்கம் என் புத்தகங்கள், இன்னொரு பக்கம் அண்ணாவின் குறடு, திருப்புளி, சுத்தியல், டெஸ்ட் லாம்ப். டெஸ்ட் லாம்ப் என்பது வேறொன்றும் இல்லை. ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து நீளமாக இரண்டு கம்பிகள். ஒரு முனையைச் சந்தேகப்படும் இடத்திலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தால், கரண்டு இருந்தால் பல்பு எரியும். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை புத்தகத்தைப் பிரிக்கக்கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது. அண்ணா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்கு யார் வீட்டில் என்ன கெட்டாலும் போகமாட்டார்.

மத்தியானம் அவர் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போனார். அம்மா படுத்திருந்தார். நான் பலகைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீணைக்காரி வீட்டில் இந்நேரம் கூடத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். வேலைக்காரம்மாளுக்கு வெறும் உதறலோடு போயிற்றே. அப்படியே விட்டால் அவள் வாசிப்பாள், ஹெட்மிஸ்ட்ரஸ் தலையை ஆட்டுவார், பல்புகள் மின்னும், எல்லோரும் என்னிடமே வந்து சொல்வார்கள். அதை நினைக்கும்போது கூட முதலில் வந்தது பொறாமைதான். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. இரண்டும் இப்படி முன்னும் பின்னுமாக வந்துகொண்டே இருக்கும், ஒன்று போய்த்தான் மற்றது வரவேண்டும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று தோன்றியது.

டெஸ்ட் லாம்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பல்பின்மேல் குங்குமம் அப்படியே இருந்தது. வழியெல்லாம் ஜட்கா வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் மாலை. சக்கரத்தின் கீழ் நசுக்கிய எலுமிச்சம்பழம். எல்லோரும் ஆயுதத்தை வைத்துக் கும்பிடும் நாளில் நான் ஒருத்தி அதைத் திருடிக்கொண்டு நடந்தேன்.

வீணைக்காரி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு கூடத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தரை கண்ணாடியாக இருந்தது. பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. வீணை உறையிலிருந்து எடுத்துத் தயாராக இருந்தது.

"இப்பவே வந்துட்டியா? இன்னும் நேரம் இருக்கேடி," என்று சிரித்தாள்.

"நீ அங்க உட்காராதே," என்றேன். "கொலுத்துணியில கரண்டு இருக்கு. ஜரிகையில ஓடறது. அன்னிக்கு வேலைக்காரம்மாவைக் கடிச்சது எறும்பில்லை."

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மூணு நாளாச் சொல்லலை. இன்னிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வர்ற நாளாப் பாத்துச் சொல்றே." குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கண்ணாவைக் கூப்பிடலைன்னு உனக்குப் பொறாமைடி."

மாமி உள்ளேயிருந்து வந்துவிட்டார். பொய் சொல்ல அதுதான் சமயம். இல்லை என்று சத்தியமே பண்ணியிருக்கலாம். குமாஸ்தாவின் கடலைத்தோல் ஞாபகம் வந்தது.

"ஆமாம். பொறாமைதான்," என்றேன். "இந்த வீட்டு விளக்கு, உன் வீணை, ஹெட்மிஸ்ட்ரஸ் உன் வீட்டுக்கு வர்றது எல்லாத்துமேலயும் பொறாமை. அன்னிக்குச் சொல்லாததும் அதனாலதான். ஆனா நான் பொறாமைப்படறேங்கறதுக்காக ஜரிகையில கரண்டு இல்லாமப் போயிடாது. நீ என்னைத் திட்டு. அங்க உட்காராதே."

நான் முந்தானையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தேன்.

"ஆயுத பூஜையன்னிக்குப் பூஜையில வெச்சதைத் தூக்கிண்டு வந்திருக்கியே!" என்றார் மாமி. "கொலுவை வேற தொடப் போறியா? விஜயதசமியன்னிக்குப் பொம்மையைப் படுக்க வெக்கற வரைக்கும் அதைத் தொடப்படாது."

"பொம்மையைத் தொடமாட்டேன் மாமி. கம்பி முனை மட்டும் கரையில படும். எனக்கு ஒரு மணைப்பலகை வேணும். ஈரத்துல நின்னு பண்ணக்கூடாது."

அந்த வீட்டில் எனக்கு எப்போதும் பாய்தான் போடுவார்கள். மணை அவர்கள் வீட்டு மனுஷர்கள் உட்காருவது. மாமி ஒரு கணம் தயங்கினார். வீணைக்காரியே உள்ளே போய் ஒரு மணையைக் கொண்டுவந்து படிக்கு முன்னால் போட்டாள். நான் அதன்மேல் ஏறி நின்றேன். அந்த நேரத்திலும் அதை நான் கவனித்தேன், மணைமேல் நிற்கிறேன் என்று.

இரண்டாவது கம்பியை முற்றத்துக் குழாயில் சுற்றச் சொன்னேன். வீணைக்காரி போய்ச் சுற்றிவிட்டு விலகி நின்றாள். நூல் சுற்றிய பாகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற முனையை ஜரிகைக் கரையில் வைத்தேன். பல்பிலோ கம்பியிலோ அல்ல, இரண்டு பல்புகளுக்கு நடுவே, வெறும் புடவையில்.

என் கையில் இருந்த பல்பு எரிந்தது. கொஞ்சம் செம்மையாக, குங்குமப் பொட்டு கறுப்பாகத் தெரியும்படி எரிந்தது. முனையை நகர்த்தினேன். அங்கேயும் எரிந்தது. கீழ்ப்படியின் ஓரத்தில், வீணை சாத்துவதாக இருந்த இடத்தில் வைத்தேன். அங்கேயும்.

"பெருமாளே," என்றார் மாமி.

வீணைக்காரி ஈரக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"மெயினை அணைச்சுட்டுக் கொலுவோட பியூஸைப் பிடுங்கணும்," என்றேன்.

"வெளிச்சமில்லாம எப்படிடி?" என்று மாமி பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே போய் மெயின் குமிழை அணைத்தார். மணையைப் பியூஸ் பலகைக்குக் கீழே போட்டு ஏறி, பீங்கான் பிடியைப் பிடுங்கினேன். உள்ளே பியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கனமான தாமிரக் கம்பி. எது நடந்தாலும் விளக்கு மட்டும் அணையாதபடி பார்த்துக்கொண்டிருந்தார் கொட்டகைக்காரர்.

மெயினைத் திரும்பப் போட்டபோது கூடம் வெளிச்சமாயிற்று. படிகள் மட்டும் வெறும் துணியாகக் கிடந்தன.

அன்று சாயங்காலம் நடந்தது இது. மாமி வீட்டிலிருந்த வெள்ளிக் குத்துவிளக்கையும் அகல்களையும் தரையில் வரிசையாக வைத்தார். வீணைக்காரி படியை விட்டு நன்றாகத் தள்ளி, முற்றத்தின் பக்கமாக உட்கார்ந்து வாசித்தாள். எண்ணெய் வெளிச்சத்தில் பட்டு அசைவது போல இருந்தது. பட்டுக்கு இந்த விளக்குதான் எடுப்பு, என்ன ரசனை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். மாமி அதை மறுக்கவில்லை. வீணைக்காரி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குள் யாரோ இன்னொரு பாட்டு கேட்டார்கள்.

நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவள் உயிரோடு உட்கார்ந்து வாசிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தது. பல்பு வெளிச்சத்தைவிட இதில் அவள் அழகாக இருக்கிறாள் என்று வயிறும் எரிந்தது.

டெஸ்ட் லாம்ப் போன விஷயம் அண்ணாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பல்பில் குங்குமம் கலைந்திருந்தது. மறுநாள் காலை அவர் அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார். "எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க."

"ம்."

அவ்வளவுதான். பொம்மையைப் படுக்க வைத்த மறுநாள் மாமி சொல்லியனுப்பி அவர் போய்க் கம்பியை எல்லாம் எடுத்துவிட்டு வந்தார். ஒரு ஆணியை என் முன்னால் வைத்தார். அதன் கழுத்தில் ஜரிகை கருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தாள் அடுத்த மாசம் ஒரு கல்யாண வீட்டுல பந்தல் முழுக்கப் பட்டுத் துணி கட்டி வெளக்குப் போடறானாம்," என்றார். "அந்தம்மாதான் சொன்னாங்க. இந்த வேலையைப் பாத்துட்டுத்தான் அவங்க கூப்பிட்டாங்களாம்."

நான் மூன்று பக்க மனுவை எடுத்தேன். அவர் வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆணியை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுக் கைகால் அலம்பப் போனார்.

வீணைக்காரிதான் வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் எழுதப் போவதைச் சொன்னதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதான் எடுத்தாச்சேடி. எங்காத்து விலாசம் எதுக்கு ஆபீசுல? அப்பா தலைகுனியணுமா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எழுதாவிட்டால் அவள் என்னோடு பழையபடி இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். கல்யாணப் பந்தலில் கை வைக்கப் போகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அதனால் அவர்களை நினைத்து எழுதுவது சுலபமாக இருந்தது.

மனுவைத் திருத்தும்போது ஒரு வழி வைத்துக்கொண்டேன். எந்த வரி எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்ததோ அதை அடித்தேன். முதல் பக்கம் முழுவதும் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மிஞ்சிய வரிகளைப் புதுத் தாளில் எழுதினேன்: எந்த வீதி, எந்தக் கம்பி, ஆணி எதைத் துளைத்தது, பியூஸில் என்ன இருந்தது, இந்த வேலையையே அவர் அடுத்து எங்கே செய்யப் போகிறார். கீழே அண்ணாவின் கையெழுத்தை வாங்கவில்லை. என் பெயரை முழுசாக எழுதினேன்.

ஆபீசில் இப்போது எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தார்கள். அதே குமாஸ்தா தாளை வாங்கினார். ஒரு தடவை படித்தார், தாளில் பொதிந்து வைத்திருந்த ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், முத்திரை குத்தி இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த இரண்டு பக்கம் எங்கேயம்மா?"

"வீட்டில் இருக்கிறது."

அடுத்த மாசம் பந்தல் போட்டதும் இன்ஸ்பெக்டர் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பட்டுத் துணியை எல்லாம் பிரித்து வேறு மாதிரி போடச் சொன்னார் என்று அண்ணா வந்து சொன்னார். அடுத்த நவராத்திரிக்கு வீணைக்காரி வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அண்ணாவைக் கூப்பிட்டார்கள். படி ஓரத்தில் மரப்பட்டி அடித்துவிட்டு வந்து, அந்தப் பெண் இப்போது இன்னும் நன்றாக வாசிக்கிறாள் என்றார். நான் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'உலோகத்தைத் தொடுகிறதா' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். பேனாவை வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

இப்போது நான் காலேஜில் படிக்கிறேன். அந்த இரண்டு பக்கங்களும் பெட்டியின் அடியில் இருக்கின்றன. எப்போதாவது எடுத்துப் படிப்பேன். இங்கிலீஷ் நன்றாகத்தான் இருக்கிறது.